மாஸ்டர் சிலிண்டரை இரண்டு முறை மாற்றினேன், பழுது அங்கே இல்லை

குலசேகரத்தில் ஏத்தன் வாழைக்குலை ஏற்றி நாகர்கோவில் அப்டா மார்க்கெட்டில் இறக்குவது வாரத்தில் நான்கு நாள். மீதி நாட்களில் குளச்சலில் இருந்து மீன் பெட்டி. இதுதான் என் பிழைப்பு. வண்டி டீசல் பிக்கப், முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். ஒன்றரை டன்னுக்குள் ஏற்ற வேண்டிய வண்டி. எல்லா நாளும் அந்தக் கணக்குக்குள் ஏற்றவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடந்த விஷயத்தில் அதற்கும் பங்கு உண்டு.

ஒரு ஐப்பசி மாதம், விடாத மழை. வேர்க்கிளம்பி பக்கம் ஒரு இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபோது பெடல் வழக்கத்தைவிடக் கீழே போனது. காலை எடுத்து மறுபடி மிதித்தேன். மேலே வந்து நன்றாகப் பிடித்தது. மழைத் தண்ணீர் டிரம்முக்குள் போயிருக்கும் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டு வண்டியை விட்டேன். டிரம்முக்குள் தண்ணீர் போனால் பெடல் கீழே போகாது. பெடல் அதே உயரத்தில்தான் நிற்கும், வண்டிதான் நிற்காமல் வழுக்கும். இந்த ஒரு வித்தியாசம் அன்றைக்குத் தெரிந்திருந்தால் இரண்டு மாத அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

இரண்டு வாரம் அப்படியே ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும் இரண்டு முறை மிதிப்பது காலுக்குப் பழகிப்போனது. அப்புறம் ஒரு நாள் அதிகாலை, பார்வதிபுரம் பக்கம், முன்னால் போன பால் வண்டி திடீரென்று நின்றது. முதல் மிதி வெறுமையாகப் போனது. இரண்டாவது மிதிக்குப் பிடித்தது. இறங்கிப் பார்த்தால் என் பம்பருக்கும் அந்த வண்டிக்கும் நடுவில் ஒரு சாண். அந்த வண்டியின் பின்னால் ஒரு பையன் பால் கேனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அன்றைக்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பெடல் கீழே போகிறது என்று சொன்னதும், வண்டியைப் பார்க்காமலே "மாஸ்டர் சிலிண்டர் போச்சு" என்றார்கள். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலை அழுத்திச் சக்கரங்களுக்கு அனுப்புகிற பாகம் அது. மாற்றினார்கள். கொஞ்சம் சரியானது போல இருந்தது. பத்து நாளில் பழையபடி ஆனது. இன்னொரு இடத்தில் காட்டினேன். முதலில் போட்டது டூப்ளிகேட் என்று சொல்லி ஒரிஜினல் சிலிண்டர் போட்டார்கள். அதுவும் அதே கதை. கையில் இருந்த காசும் போனது, நாலைந்து நாள் லோடும் போனது.

மூன்றாவதாகத் தக்கலையில் ஒரு பெரியவரிடம் போனேன். பஸ், லாரி எல்லாம் பார்த்தவர், இப்போது வீட்டு முற்றத்தில் தெரிந்தவர்களுக்கு மட்டும் வேலை செய்கிறார். "அண்ணே, பிரேக் பிடிக்கல" என்றேன்.

"அத எல்லாரும் சொல்லுவாங்க மக்கா. கால் வச்சா என்ன ஆகுது? பஞ்சு மாதிரி அமுங்குதா, கல்லு மாதிரி நிக்குதா, மிதிச்சுப் பிடிச்சா கீழ எறங்கிட்டே போகுதா, இல்ல மொதல் மிதிக்குக் கீழயும் ரெண்டாவது மிதிக்கு மேலயும் வருதா?"

அவர் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. இந்த நான்கும் நான்கு வேறு பழுது. எந்த ஒர்க்‌ஷாப்பிலும் இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை, டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். எஞ்சினை அணைத்துவிட்டு ஐந்தாறு முறை மிதித்தார். கால் அழுத்தத்துக்குத் துணை நிற்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்கம் (வெற்றிடம்) தீர்ந்து பெடல் இறுகும் வரை. பிறகு ஒரே அழுத்தாக மிதித்து அறுபது எண்ணும் வரை பிடித்தார். பெடல் இறங்கவில்லை. அடுத்து லேசாக, ஒரு விரல் கனத்தில் அழுத்தி மறுபடியும் அப்படியே பிடித்தார். அப்போதும் நின்றது. "சிலிண்டர் நல்லா இருக்கு" என்றார். மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் கப் தேய்ந்துபோனால் ஆயில் உள்ளுக்குள்ளேயே பின்பக்கம் நழுவும். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது. கால் மட்டும் மெல்ல மெல்ல இறங்கும். சில சிலிண்டர்கள் பலமாக மிதித்தால் நிற்கும், லேசாக மிதித்தால் நழுவும். அதனால்தான் இரண்டு விதமாகவும் பார்த்தார். நான் இரண்டு சிலிண்டருக்குக் கொடுத்த காசுக்குப் பதில் இந்த இரண்டு நிமிடச் சோதனை.

அடுத்து ஒரு மிதி. பெடல் பாதிக்கும் கீழே போனது. உடனே இரண்டாவது மிதி. நான்கு விரல் உயரம் மேலே வந்து கெட்டியாக நின்றது. ஆயிலில் காற்று இருந்தால் எத்தனை முறை மிதித்தாலும் கடைசியில் ஒரு பஞ்சுத்தன்மை மிஞ்சும். இங்கே ஏறக்குறைய கெட்டி. அதாவது எங்கோ டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில் இடைவெளி அதிகம். முதல் மிதியில் வருகிற ஆயில் அந்த இடைவெளியை நிரப்பவே போதவில்லை, இரண்டாவது மிதி வந்தால்தான் ஷூ டிரம்மைத் தொடுகிறது.

அதை உறுதி செய்ய, சேஸில் இருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் ரப்பர் ஹோஸை வழவழப்பான கிளாம்ப் ஒன்றால் இறுக்கி அடைத்தார். பெடலை மிதிக்கச் சொன்னார். முதல் மிதியிலேயே மேலே, கல்லு போல. கிளாம்பை எடுத்தார். பழையபடி கீழே. முன் சக்கரம், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் சரி, குறை பின்னால் என்பது அந்த ஒரு கிளாம்பில் முடிவானது. இதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் பல் உள்ள பிளையரால் ஹோஸைக் கடிக்க வேண்டாம், உள்ளே கிழிந்துவிடும். ஏற்கெனவே வெடித்த பழைய ஹோஸ் என்றால் அடைக்கவே வேண்டாம், புதிது மாற்றிவிடுவது நல்லது.

டிரம் சுலபத்தில் கழன்று வரவில்லை. ஓரத்தில் விளிம்பு கட்டியிருந்தது. கழற்றியதும் உள்ளே பார்த்தால் ஷூவில் பாதிக்கு மேல் லைனிங் இருந்தது. "ஷூ இருக்கே" என்று முன்பு ஒருவர் சொன்னது பொய் இல்லை. ஆனால் தேயத் தேயத் தானாக நகர்ந்து இடைவெளியைக் குறைக்க வேண்டிய அட்ஜஸ்டர் துருப்பிடித்துக் கட்டியாகிக் கிடந்தது. மீன் பெட்டியில் இருந்து வழியும் ஐஸ் தண்ணீரில் உப்பு. அது பலகை இடுக்கு வழியாக நேராக ஆக்ஸில் மேலேதான் சொட்டும். வாழைக்குலை மட்டும் ஏற்றும் வண்டிக்கு இந்தத் தொந்தரவு இவ்வளவு சீக்கிரம் வராது என்றார்.

அப்புறம் ஹேண்ட் பிரேக் லீவரை இழுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "கேபிள நீ டைட் வச்சியா?"

வைத்தேன். பெடல் கீழே போவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே ஹேண்ட் பிரேக் வழக்கத்தைவிட நாலைந்து பல் மேலே வந்துதான் பிடித்தது. கேபிள் நீண்டுவிட்டது என்று நினைத்து நானே நட்டை முறுக்கிவிட்டேன். பின் டிரம்மில் இடைவெளி கூடிவிட்டது என்பதற்கு அது முதல் அறிகுறி. கேபிளை முறுக்கியதால் அந்த அறிகுறியையும் மறைத்தேன். போதாததற்கு, கேபிள் இறுக்கமாக இருந்தால் ஷூ முழுதாகப் பின்வாங்கி அதன் இடத்தில் உட்காராது, ஷூ உட்காராவிட்டால் அட்ஜஸ்டரும் வேலை செய்யாது. உப்பு பாதி, நான் பாதி. ஹேண்ட் பிரேக் லூசானால் முதலில் டிரம்மைக் கழற்றி ஷூவைச் சரிசெய்ய வேண்டும், கேபிள் கடைசி. தெரிந்தவர்கள் எல்லோரிடமும் இதைச் சொல்லிவருகிறேன்.

அட்ஜஸ்டரைக் கழுவி, தேய்த்து, வெப்பம் தாங்கும் கிரீஸ் துளி வைத்து, டிரம் லேசாக உரசுகிற அளவுக்கு ஷூவை நகர்த்தி மாட்டினார். பெடல் மேலே வந்துவிட்டது. ஆனால் கடைசியில் ஒரு நூல் அளவு பஞ்சு போல அமுங்கியது.

"காத்து எடுக்கும்போது வண்டிய எப்படித் தூக்கினாங்க?"

சிலிண்டர் மாற்றிய பிறகு ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்றுவதைத்தான் கேட்டார். சேஸில் ஜாக்கி கொடுத்து, பின் சக்கரம் தொங்கத் தொங்கத்தான் எடுத்தார்கள், இரண்டு இடத்திலும். அவர் பின் ஆக்ஸிலுக்கு மேலே இருக்கும் ஒரு வால்வையும், அதிலிருந்து ஆக்ஸிலுக்கு வரும் சின்னக் கம்பியையும் காட்டினார். லோடு சென்சிங் வால்வு. லோடு ஏறி வண்டி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும், லோடு இல்லாமல் வண்டி உயர்ந்தால் குறையும். காலி வண்டியில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆக்ஸிலைத் தொங்கவிட்டால் அந்த வால்வு வண்டியில் ஒரு கிலோகூட இல்லை என்று நினைத்துக்கொண்டு பின்பக்கம் போகும் வழியைக் குறுக்கிவிடும். அந்த நிலையில் காற்று முழுதாக வெளியே வராது. சக்கரம் தரையில் நிற்கும்போது, அல்லது ஆக்ஸிலுக்கே தாங்கு கொடுத்துத் தூக்கிய நிலையில்தான் காற்று எடுக்க வேண்டும்.

அப்படியே எடுத்தோம். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்கி வந்தோம். நம் வண்டிகளுக்கு முதலில் பின் இடது, பிறகு பின் வலது, முன் இடது, கடைசியில் முன் வலது. சக்கரத்தில் காற்றை வெளியே விடத் திறக்கும் நிப்பிளில் ஒரு டியூப் மாட்டி அதன் நுனி ஆயிலுக்குள் மூழ்கியிருக்கும்படி பாட்டிலில் விட்டார். நான் மிதித்தேன். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்திருந்தார், கால் தரை வரைக்கும் போகாமல் இருக்க. பழைய சிலிண்டரில் பிஸ்டன் தினமும் ஓடுகிற இடம் மட்டும் வழவழப்பாக இருக்கும், அதைத் தாண்டிய இடத்தில் துருவும் கசடும் இருக்கும். காற்று எடுக்கிறேன் என்று தரை வரை மிதித்தால் ரப்பர் கப் அந்தக் கசட்டில் உரசிக் கிழியும். நேற்று வரை நன்றாக இருந்த சிலிண்டர் காற்று எடுத்த மறுநாள் கசியத் தொடங்குவது பல நேரம் இதனால்தான்.

வேலை முடிந்து கை கழுவும்போது அவர் இன்னொன்றைப் பார்த்தார். பின் பட்டை, அதாவது வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டை. அதிக லோடுக்காகப் பக்கத்துக்கு ஒரு பட்டை கூடுதலாக ஏற்றியிருந்தேன். நம் பக்கத்தில் பாதி பிக்கப்பில் இது இருக்கும். பட்டை கூடினால் லோடு ஏற்றினாலும் வண்டி தாழாது. தாழாவிட்டால் அந்த வால்வு வண்டி காலி என்றே நினைக்கும். இரண்டு டன்னைச் சுமந்துகொண்டு போகும் வண்டியில் பின் பிரேக் காலி வண்டிக்குப் பிடிக்கிற அளவுதான் பிடிக்கும். மீதிச் சுமை முழுவதும் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் முன் பேடின் தலையில். என் வண்டியில் முன் பேட் சீக்கிரம் சீக்கிரமாகத் தேய்ந்ததற்கும், கீரிப்பாறை பக்கத்து எஸ்டேட்டில் இருந்து கிராம்பு மூட்டை இறக்கிக்கொண்டு வரும்போது முன்னால் இருந்து கருகல் வாடை வந்ததற்கும் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது.

பட்டையைக் கழற்றிவிட்டேன். நடைக்கு வருகிற காசு குறைந்தது, உண்மைதான். கூடுதல் பட்டையோடுதான் ஓட்டுவேன் என்பவர்கள் குறைந்தபட்சம் அந்த வால்வின் கம்பியை வண்டிப் புத்தகத்தில் உள்ள அளவுக்குத் தெரிந்தவரிடம் கொடுத்துச் சரிசெய்யுங்கள். கண் அளவில் வளைத்துவிட வேண்டாம். அதிகமாக வளைத்தால் காலி வண்டி மழையில் பின்பக்கமாகச் சுற்றும்.

இதெல்லாம் பெடல் கீழே போகிற கதை. கல்லு போல நிற்பதும் எனக்கு ஒரு முறை வந்தது, குளச்சல் ரோட்டில். மிதித்தால் அசையவே இல்லை. இரண்டு காலாலும் அழுத்தி நிறுத்தினேன். டீசல் எஞ்சினில் பூஸ்டருக்கு வேண்டிய வேக்கத்தை ஒரு தனி பம்ப் உண்டாக்குகிறது, பல வண்டிகளில் அது ஆல்டர்நேட்டரோடு சேர்ந்தே இருக்கும். அந்தப் பம்பில் இருந்து பூஸ்டருக்கு வரும் ரப்பர் குழாய் கிளிப் அருகே வெடித்திருந்தது. எஞ்சின் ஓடும்போது காதை வைத்தாலே உஸ்ஸென்று கேட்டது. இதற்கும் சோதனை சுலபம். எஞ்சின் அணைந்திருக்கும்போது நாலைந்து முறை மிதித்து, காலை எடுக்காமலே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலடியில் கொஞ்சம் இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் குழாய், பம்ப், பூஸ்டர் மூன்றில் ஒன்று. எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து மிதித்தாலும் முதல் இரண்டு மூன்று மிதி மென்மையாகவே இருக்க வேண்டும். முதல் மிதியே கல்லாக இருந்தால் அந்தக் குழாயில் இருக்கும் ஒருவழி வால்வைப் பாருங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் எஞ்சினை அணைத்து விடுகிறவர்கள் நம் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் இப்போதும் இருக்கிறார்கள். எஞ்சின் அணைந்தால் வேக்கம் உண்டாகாது. இரண்டு மூன்று மிதியில் இருப்பு தீரும். அதன் பிறகு அந்த லோடை உங்கள் வெறும் கால் நிறுத்த வேண்டும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஆயில் குறைந்துகொண்டே போய், எங்கேயும் ஈரம் இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரில் இருந்து கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். பின் சீல் கசிந்தால் ஆயில் பூஸ்டருக்குள் போகும், வெளியே தெரியாது. மாஸ்டர் சிலிண்டர் மேலே இருக்கும் ஆயில் பாட்டிலுக்குள் நடுவில் ஒரு தடுப்பு உண்டு. எந்தப் பாதி குறைகிறதோ அந்தப் பாதி ஊட்டுகிற பக்கத்தில் தேட வேண்டும். பேட் தேயத் தேயவும் ஆயில் மெல்லக் குறையும், அது கசிவு அல்ல. பேட் மாற்றும்போது தானாக ஏறிவிடும்.

என் மச்சான் வண்டியில் வந்தது நேர் எதிர்ப் பிரச்சினை. பெடல் உயரமாக, இறுக்கமாக இருந்தது, ஆனால் முன் இடது சக்கரம் கை வைக்க முடியாத சூடு. பிரேக் விடவில்லை. சக்கரத்தைத் தூக்கி, பிடித்துக்கொண்டிருக்கும்போதே நிப்பிளைக் கொஞ்சம் திறந்தோம். ஆயில் பீய்ச்சியடித்துச் சக்கரம் விட்டது. அப்படி விட்டால் அழுத்தம் மேலே எங்கோ சிக்கியிருக்கிறது, அங்கே ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி ஒருவழிப் பாதையாகிவிட்டிருந்தது. நிப்பிளைத் திறந்தும் விடாவிட்டால் பேடை அழுத்துகிற காலிப்பர் பிஸ்டன் இறுகியிருக்கும். மிதிக்கும்போது பெடல் காலில் துடிப்பது வேறு, அது பெரும்பாலும் டிஸ்க் சீராகத் தேயாததாலோ டிரம் வட்டம் கெட்டதாலோ வருவது. ஏபிஎஸ் (சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏற்பாடு) உள்ள வண்டியில் அவசரமாக மிதிக்கும்போது மட்டும் துடித்தால் அது பழுது இல்லை.

பிரேக் ஆயிலைப் பற்றி. அது காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் பொருள். நம் ஊரில் வருடத்துக்கு இரண்டு பருவமழை, அதோடு கடல் காற்று. டாட் 3 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். டாட் 4 என்றால் 230, 155. நீண்ட இறக்கத்தில் கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகும், பெடல் பஞ்சாகி அப்படியே தரைக்குப் போகும். ஆறிய பிறகு எல்லாம் சரியாக இருக்கும், ஒர்க்‌ஷாப்பில் காட்டினால் ஒன்றும் இல்லை என்பார்கள். மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அந்த ஆயில், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுதாக மாற்றுவது என்று வைத்திருக்கிறேன். சீட்டுக்கு அடியில் திறந்து கிடக்கும் பழைய அரை பாட்டிலை ஊற்றுவதில்லை. எஞ்சின் ஆயிலோ ஸ்டியரிங் ஆயிலோ ஒரு மூடி அளவு தவறி ஊற்றினாலும் ரப்பர் எல்லாம் ஊதிவிடும், மாஸ்டர் சிலிண்டரில் இருந்து சக்கரம் வரை அத்தனை ரப்பரையும் மாற்ற வேண்டி வரும்.

ஓடும்போதே பெடல் போய்விட்டால் வேகமாகத் திரும்பத் திரும்ப மிதியுங்கள், கியரை ஒவ்வொன்றாக இறக்குங்கள், ஹேண்ட் பிரேக்கை ஒரே இழுப்பாக இழுக்காமல் பட்டனை அழுத்திப் பிடித்தபடி விட்டு விட்டு இழுங்கள். ஹாரனும் ஹசார்ட் விளக்கும் போட்டுவிடுங்கள். நின்ற பிறகு அங்கிருந்து மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். ரெக்கவரி வண்டிக்குச் சொல்லுங்கள்.

நம் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். மீன் லோடு குறைகிற அந்த இரண்டு மாதத்தில் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிடுவேன். பின் ஆக்ஸில் மேலே ஓடும் இரும்புப் பைப்பை நகத்தால் சுரண்டிப் பார்ப்பேன். துரு செதிலாக வந்தால் முழு நீளமும் மாற்றுவேன். நடுவில் வெட்டி ரப்பர் குழாயும் கிளிப்பும் போட்டு ஒட்டவைப்பதைச் சில இடங்களில் செய்கிறார்கள். பலமாக மிதிக்கும்போது அந்தப் பைப்புக்குள் வருவது டயர் காற்றைவிடப் பல மடங்கு அழுத்தம். கிளிப் தாங்காது.

இந்த வருடம் பெடலை மிதித்துப் பிடிக்க என் மனைவி ஏறி உட்கார்ந்தாள். நான் கீழே இருந்து ஹோஸ் ஊதுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏங்க, இது மெதுவா எறங்குதே" என்றாள். நான் ஏறி மிதித்தபோது இறங்கவில்லை. அவள் காலால் லேசாகத்தான் அழுத்தியிருந்தாள். நானும் லேசாக அழுத்திப் பார்த்தேன், இறங்கியது. அந்த ஒரிஜினல் சிலிண்டர் போட்டு இப்போது நாலு வருடம் ஆகிறது. நாளை காலை தக்கலைக்கு வண்டியை எடுத்துப் போகிறேன், லோடு இல்லாமல், இரண்டாவது கியரில்.